குரோமியம் ஆறு: ஒரு முடிவுக்கு உரை

பிரான்சின் லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இருக்கிறது, ஐ.ஏ.ஆர்.சி. என்பார்கள். எந்தப் பொருள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று ஆராய்ந்து அது வெளியிடும் தொகுதிகளில் 2012இல் வந்தது 100சி. அதில் குரோமியம் பற்றிய முடிவு சில வரிகளுக்குள் அடங்கிவிடும். அதன் சாரம் இது: ஆறு இணைதிறன் கொண்ட குரோமியச் சேர்மங்கள் மனிதருக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதுமான சான்று உண்டு; மூக்கிலும் அதையொட்டிய குழிகளிலும் வரும் புற்றுநோயோடும் தொடர்பு தெரிகிறது; ஆகவே இவை முதல் பிரிவு. ஒரு நாட்டு அரசு ஆலைக் காற்றுக்கும் குடிநீருக்கும் அளவு வகுக்கும்போது பெரும்பாலும் இத்தகைய முடிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வகுக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோலை நம்பி வாழ்பவர்கள் இதைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும்.

'ஆறு இணைதிறன் கொண்ட'

தோலைப் பதனிட டேனரி டிரம்மில் கொட்டும் குரோம் பவுடர் மூன்று இணைதிறன் கொண்டது. 'எங்களிடம் இருப்பது ஆறு அல்ல, மூன்று' என்று ஒருவர் சொன்னால் அது பொய்யல்ல. ஆனால் அந்தப் பவுடர் சோடியம் டைகுரோமேட்டிலிருந்து பிறக்கிறது. டைகுரோமேட்டில் இருப்பது ஆறு. அதைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, ராணிப்பேட்டை சிப்காட்டில் சுமார் 1.5 லட்சம் டன் குரோமியக் கழிவு மலைபோல் நின்றது. ஆகவே ஆறு என்னும் எண் டிரம்முக்கு முன்னாலேயே நம் மண்ணுக்கு வந்துவிட்டது. பதனிட்ட தோலிலும் வெப்பம், வெயில், கொழுப்பெண்ணெய் காரணமாக மூன்று இணைதிறன் குரோமியத்தில் ஒரு சிறு பங்கு ஆறாக மாறக்கூடும். உடலில் படும் தோல்பொருளில் ஆறின் அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் கட்டுப்படுத்துவது இதனால்தான். ஒன்று சொல்லியாக வேண்டும்: அந்தக் கட்டுப்பாடு ஷூ அணிபவரின் தோல் ஒவ்வாமையை எண்ணி வந்தது, ஷூ செய்பவரின் நுரையீரலை எண்ணி அல்ல.

'மனிதருக்கு... போதுமான சான்று'

முடிவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எலிக்குக் கட்டி வந்தது என்பது மட்டும் இந்தச் சொல்லைப் பெற்றுத் தராது. வேலை செய்த மனிதரைப் பெயர் பெயராகப் பின்தொடர வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு குரோமேட் ஆலையில் 1950 முதல் 1974 வரை வேலைக்குச் சேர்ந்த 2,357 பேரை ஆய்வாளர்கள் 1992 வரை கணக்கெடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர் 122 பேர். அந்த வயதினரிடம் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைப்போல் இது 1.8 மடங்கு. யார் எந்தப் பிரிவில் எத்தனை நாள் நின்றார், அங்கே காற்றில் எவ்வளவு குரோமியம் இருந்தது என்ற குறிப்பு ஆலையிலேயே இருந்தது. அதனால்தான் அந்தச் சாவுகள் சான்றாயின.

இந்த வருடம் ஒரு தோல்ஷாப், அடுத்த வருடம் இன்னொன்று, நடுவில் கட்டட வேலை என்று போகிற ஒப்பந்தக் கூலியின் பெயர் எந்தப் பதிவேட்டில் நிற்கும்? நோயோ இருபது முப்பது ஆண்டு கழித்து வருவது. ஆகவே ஓர் ஊரில் சான்று இல்லை என்பது அங்கே நோய் இல்லை என்பதாகாது. எண்ணப்பட்டவர்களின் சாவிலிருந்துதான் எண்ணப்படாதவர்களின் ஆபத்தை நாம் அறிந்துகொள்கிறோம். எனக்கு இதில் தாங்க முடியாதது இதுதான்.

'முதல் பிரிவு'

இது சான்றின் உறுதியைக் குறிக்கும், நஞ்சின் வீரியத்தை அல்ல. பாம்புக்கு விஷம் உண்டு என்று சொல்வது ஒன்று. அது எத்தனை வீட்டில் நுழைந்தது என்று பார்ப்பது வேறொன்று. முதலாவதைச் சொல்வது லியோன், இரண்டாவதைக் கணக்கிடவேண்டியது அரசு.

மூன்றாம் பிரிவைப் படிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். தோல் பதனிடும் தொழிலை இதே முகமை முன்பு அங்கே வைத்தது. வகைப்படுத்தச் சான்று போதவில்லை என்பதே அதன் பொருள். தீங்கற்றது என்று ஒருபோதும் இல்லை. அதே 100சி தொகுதியில் தோல் தூசி முதல் பிரிவில் நிற்கிறது. இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயர், இத்தாலியின் புளோரன்ஸ் ஷூ தொழிலாளர்களிடம் கண்ட மூக்குப் புற்றுநோய்தான் அதற்கு ஆதாரம். ஷூ கம்பெனியில் அடித்தோல் ஒட்டுமுன் ஓரத்தைத் தேய்க்கும் இயந்திரத்தின் முன் நிற்பவர் மூச்சில் போவது இந்தத் தூசிதான்.

முடிவிலிருந்து அளவுக்கு

அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் 2006இல் ஆலைக் காற்றில் ஆறு இணைதிறன் குரோமியத்தின் வரம்பை ஒரு கன மீட்டருக்கு 52 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. அந்த 5இலும் 45 ஆண்டு வேலை செய்தால் 1,000 பேரில் 10 முதல் 45 பேர் கூடுதலாக நுரையீரல் புற்றுநோயில் இறக்கலாம் என்று தானே மதிப்பிட்டு எழுதியது. நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987 திருத்தத்தோடு வந்த இரண்டாம் அட்டவணை குரோமேட்டுக்கு எழுதிய அளவு 0.05 மில்லிகிராம், அதாவது 50 மைக்ரோகிராம். அமெரிக்கா கைவிட்ட பழைய வரம்பும் ஏறக்குறைய இதுவே.

ஆனால் நம்மிடம் லியோனில் இல்லாத ஒன்று உண்டு. 1996 ஆகஸ்ட் 28 அன்று, பாலாற்று டேனரிக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர்மேல் வைத்தது. மீளாத கேடு நேருமென்ற அச்சம் இருக்கும்போது அறிவியல் முழு உறுதி தரவில்லை என்று சொல்லி நடவடிக்கையைத் தள்ளிப்போடக்கூடாது என்றது. போதுமான சான்று என்ற சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பொருள் என்று நான் கொள்கிறேன்.

2025 ஜனவரி 30 அன்று வேலூர் மாசு பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. ஆறும் நிலமும் அளக்கப்படட்டும். அதோடு தொழிலாளர் கணக்கும் எடுக்கப்பட வேண்டும். ஷூ கம்பெனிகளில் இ.எஸ்.ஐ. எண்ணும் பி.எஃப். எண்ணும் இருக்கின்றன, யார் எந்த ஆண்டு எங்கே வேலை பார்த்தார் என்பதை அவற்றைக் கொண்டு தேடி எடுக்கலாம். அந்த எண்கூட இல்லாத கூலிகளின் பெயரை டேனரி வாசலிலேயே எழுதத் தொடங்கலாம். புற்றுநோயோடு வருபவரிடம் பீடி பிடிப்பீர்களா என்று கேட்கும் மருத்துவர், எந்த ஷாப்பில் எந்த மிஷினில் எத்தனை வருடம் நின்றீர்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.