கடலுக்கு ஏற்ற காத்தாடி

நம் கரையில் எஞ்சின் வந்த கதையை வயதானவர்கள் எல்லோரும் சொல்வார்கள். யார் முதலில் வாங்கினார், என்ன விலை, மானியம் எவ்வளவு, முதல் நாள் ஓட்டியபோது எத்தனை பேர் கரையில் கூடி நின்றார்கள் என்று விவரமாகவே சொல்வார்கள். ஆனால் அந்த எஞ்சினுக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல் தண்ணீருக்குள் சுழலும் பொருளைப் பற்றிப் பேச்சே வராது. கடைக்காரர் பில்லில் புரொப்பல்லர் என்று எழுதுவார். கரையில் அதற்குப் பெயர் காத்தாடி. எஞ்சின் எரிக்கும் எண்ணெய் வேலையாக மாறுவதும் வீணாகப் போவதும் பெரும்பாலும் இந்தக் காத்தாடியில்தான் இருக்கிறது. அதன் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் பாய்க் காலம். பெரியபட்டினம் ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கப்பல்கள் வந்து போன துறைமுகம் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழாய்வு செய்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பேராசிரியர் எ. சுப்பராயலுவும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அத்தனை சரக்கும் காற்றை நம்பித்தான் வந்து சேர்ந்தது. வாடை எப்போது வீசும், சோழகம் எப்போது திரும்பும், கச்சானில் எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்ற கணக்கு தெரிந்தவனே மாலுமி. காற்று பலத்தால் பாயைச் சுருக்க வேண்டும், இளகினால் விரிக்க வேண்டும். பாரம் ஏறினால் ஓட்டம் மாறும். அதாவது, கிடைக்கிற விசைக்கும் இழுக்கிற சுமைக்கும் பொருத்தம் பார்ப்பது நம் கரைக்குப் புதிய பாடம் அல்ல. எஞ்சின் வந்தபோது அந்தப் பாடத்தை நாம் கொஞ்ச காலம் மறந்துபோனோம், அவ்வளவுதான்.

கப்பலுக்குத் திருகு வடிவக் காத்தாடி பொருத்தும் யோசனை ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பலருக்கும் தோன்றியது. அதற்கு முன்னால் நீராவிக் கப்பல்களுக்கு இரு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் இருந்தன. ஆஸ்திரியாவில் யோசப் ரெஸ்ஸல் 1827இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், சுவீடன்காரரான ஜான் எரிக்சன் இருவரும் 1836இல் தனித்தனியே காப்புரிமை பெற்றார்கள். இவர்களில் ஸ்மித் ஒரு விவசாயி. அவர் செய்த முதல் காத்தாடி மரத்தால் ஆனது, இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட நீளத் திருகு. 1837இல் லண்டனில் ஒரு கால்வாயில் ஓட்டிப் பார்த்தபோது அது எதிலோ மோதி, பாதி உடைந்து போனது. படகு நின்றுவிடும் என்று பார்த்தால், முன்னைவிட வேகமாக ஓடியது! நீளமான திருகு தண்ணீரோடு உராய்ந்தே சக்தியைத் தின்றுகொண்டிருந்தது. பெரிதாக இருந்தால் நல்லது என்ற நினைப்பு முதல் நாளிலேயே உடைந்தது.

1845இல் பிரிட்டிஷ் கடற்படை ஒரு வேடிக்கையான போட்டி வைத்தது. காத்தாடி வைத்த ராட்லர் கப்பலையும் துடுப்புச் சக்கரம் வைத்த அலெக்டோ கப்பலையும் பின்பக்கமாகக் கயிற்றால் பிணைத்து, எதிரெதிர்த் திசையில் ஓட விட்டார்கள். ராட்லர், அலெக்டோவைத் தரதரவென்று பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்தில் நாம் ஆடிய கயிறு இழுக்கும் போட்டிதான் இது. அதன்பின் கடல் கப்பல்களில் துடுப்புச் சக்கரம் மெல்ல மறைந்தது.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். சார்லஸ் பார்சன்ஸ் என்ற பொறியாளர் நீராவி டர்பைன் வைத்து டர்பினியா என்ற சிறு கப்பலைக் கட்டினார். 1894இல் ஓட்டிப் பார்த்தபோது எதிர்பார்த்த வேகம் வரவில்லை. எஞ்சினில் குறை இல்லை. காத்தாடி அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்றதால் அதன் இலைகளைச் சுற்றித் தண்ணீர் ஆவிக் குமிழிகளாக மாறி, பிடிமானமே இல்லாமல் போனது. பார்சன்ஸ் பல சோதனைகளுக்குப் பிறகு மூன்று ஷாப்ட்டுகளில் மும்மூன்றாக ஒன்பது காத்தாடிகள் பொருத்தினார். 1897இல் விக்டோரியா ராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில் அந்தக் கப்பல் 34 நாட் வேகத்தில் பாய்ந்து எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது. சக்தி இருந்தால் மட்டும் போதாது, அந்தச் சக்தியைத் தண்ணீர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. இர்வின், கோஷன் என்ற கப்பல் பெயர்களைக் கேட்டால் நம் வயதுக்காரர்களில் சிலருக்காவது பழைய நினைவு வரும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ராமானுஜம் கப்பல் போனது. ஆக, இந்தக் கடலில் காத்தாடி சுழலத் தொடங்கி நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஆனால் மீன்பிடிக்கும் வள்ளத்துக்கும் வத்தைக்கும் அது எட்டாத பொருளாகவே வெகுகாலம் இருந்தது.

மீன்பிடிப் படகுக்கு எஞ்சின் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் நார்வே உதவித் திட்டம் தொடங்கியது. 1960களில் அது மண்டபத்துக்கும் வந்தது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஏற்கெனவே இருந்தது. விசைப்படகுகள் பெருகின. அவற்றின் டீசல் எஞ்சின் படகுக்கு உள்ளே இருக்கும். ஷாப்ட் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதன் முனையில் கனமான வெண்கலக் காத்தாடி. இழுவலை இழுக்க அதுதான் சரி. பெரிய விட்டம், மெதுவான சுழற்சி, நல்ல இழுப்பு. ஆனால் அந்தப் படகைக் கரையில் ஏற்ற முடியாது. ஆழமுள்ள துறை வேண்டும்.

நம் வள்ளக்காரர்களுக்குத் துறைமுகமா இருந்தது? மணலில் ஏற்றி இறக்குகிற பிழைப்பு. 1980களில் மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய அவுட்போர்டு எஞ்சின்கள் வந்தபோது அதனால்தான் அத்தனை வரவேற்பு. கரை நெருங்கினால் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அந்த எஞ்சின்களின் பிறப்பிடம் வேறு. லேசான படகில் இரண்டு மூன்று பேர் உல்லாசமாகச் சீறிப் பாய்வதற்கென்று உருவான வகை அது. அதனோடு வரும் காத்தாடியும் பெரும்பாலும் சிறியது, வேகமாகச் சுழல்வது, பிட்ச் கூடியது. நம் வள்ளமோ வலையும் ஐஸும் ஆட்களுமாக ஆடி அசைந்து போவது.

பிட்ச் என்றால் என்ன? மரத்தில் திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு உள்ளே இறங்குமோ, அதுதான். காத்தாடியின் குடத்தில் இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் 10 அங்குலம் என்றால், ஒரு சுற்றுக்கு 10 அங்குலம் முன்னே போக வேண்டும் என்று கணக்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று, கியர் அதைப் பாதியாக்கிக் காத்தாடிக்கு 2500 சுற்று தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி மணிக்கு 38 கிலோமீட்டர் போக வேண்டும். பாரம் ஏற்றிய வள்ளம் போவது மணிக்கு 12, 13 கிலோமீட்டர். மீதியெல்லாம் வழுக்கல். எந்தக் காத்தாடியும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வழுக்கினால் அது பொருத்தம் அல்ல. நடைமுறையில் அந்த எஞ்சின் 5000 சுற்றை எட்டவும் எட்டாது. திணறும், கரும்புகை விடும், பிளக் கரி பிடிக்கும். அதே எஞ்சினில் பிட்ச் 6 அங்குலமானால் கணக்கு 23 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். எஞ்சினும் மூச்சு விடும்.

எங்கள் தெருவில் ஒரு காக்கா புது எஞ்சின் வாங்கியிருந்தார். வாங்கிய அன்று இரண்டு பேர் ஏறி ஓட்டியபோது வள்ளம் அம்பு மாதிரி போனது. தொழிலுக்குப் போன முதல் நாளே இழுக்கவில்லை. பிளக்கை மாற்றினார், எண்ணெயை மாற்றினார், மெக்கானிக்கை மாற்றினார். கடைசியில் வேறொருவர் கொடுத்த பிட்ச் குறைந்த பழைய காத்தாடியை மாட்டியதும் சரியாகிவிட்டது. "தம்பி, குதிரை நல்ல குதிரைதான், வண்டிக்குத் தோதாப் பூட்டலை" என்றார் என்னிடம். அதற்குள் மண்ணெண்ணெய்க்காகப் பட்ட கடன் ஒரு பருவத்து வருமானத்தைத் தின்றிருந்தது.

இந்தச் சங்கடம் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 1979இல் சென்னையில் தொடங்கிய வங்கக் கடல் திட்டம் இதைத்தான் ஆராய்ந்தது. அதில் பணியாற்றிய நார்வே படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்ட்சன், சிறு படகுகளில் எரிபொருளை மிச்சம் பிடிப்பது பற்றி எழுதினார். அவர் சொன்னவற்றின் சாரம் எளிது. வேகத்தைக் கொஞ்சம் குறை. அடிப்பலகையைச் சுத்தமாக வை. முடிந்தவரை பெரிய விட்டமுள்ள, மெதுவாகச் சுழலும் காத்தாடியைப் பொருத்து. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே தேவைப்படும் சக்தி ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். தண்ணீரைக் கிழித்துப் போகும் படகுக்கு அதன் நீளத்தை ஒட்டி ஒரு வேக எல்லை உண்டு. தண்ணீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள வள்ளத்துக்கு அது சுமார் 6.7 நாட். அதற்கு மேல் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அலைதான் பெரிதாகுமே தவிர வேகம் கூடாது.

ஆனால் பெரிய காத்தாடிக்கு ஆழம் வேண்டுமே! அதற்கும் அந்தத் திட்டத்தார் ஒரு வழி செய்தார்கள். டீசல் எஞ்சின், ஷாப்ட், காத்தாடி மூன்றையும் ஒரே அமைப்பாக இணைத்து, கரை நெருங்கும்போது அப்படியே சாய்த்துத் தூக்கிக்கொள்ளும்படி வடிவமைத்தார்கள். தாய்லாந்துப் பாணியில் நீளமான ஷாப்ட்டின் நுனியில் காத்தாடி வைத்த எஞ்சின்களும் நம் நாட்டுப்படகுகளுக்கு வந்தன. வலையோ பாசியோ குறுக்கே வந்தால் கைப்பிடியை அமுக்கினால் போதும், காத்தாடி தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். ஆழமில்லாத கடலுக்கும் எண்ணெய்ச் செலவுக்கும் நடுவில் நம் கரை கண்ட சமரசங்கள் இவை.

இப்போது இன்னொரு மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. சுற்றுலாவுக்கு ஆட்களை ஏற்றும் படகுகள் பெருகுகின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் அம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி 1952இல் இரண்டு மிதவைக் குழாய்கள் மேல் மரத்தளம் போட்டு ஒரு படகு செய்தார். பான்டூன் படகு என்று அதற்குப் பெயர். வீட்டுத் திண்ணையை அப்படியே தண்ணீரில் மிதக்க விட்ட மாதிரி இருக்கும். குடும்பத்தோடு உட்கார்ந்து போக வசதி. ஆனால் மிதவைகள் தண்ணீரில் நன்றாக இழுக்கும், பக்கக் காற்றும் தள்ளும். அதற்கும் பிட்ச் குறைந்த, இலைப்பரப்பு அகலமான காத்தாடிதான் ஏற்றது. சிலர் நான்கு இலை போடுவதும் அதனால்தான்.

எந்தப் படகானாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான். முழுப் பாரம் ஏற்றி, முழு ரேஸ் கொடுத்து, எஞ்சின் கம்பெனி சொன்ன சுற்றை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் பிட்ச்சைக் குறைக்க வேண்டும். தாண்டிக்கொண்டு போனால் கூட்ட வேண்டும். ஓர் அங்குலப் பிட்ச்சுக்கு 150 முதல் 200 சுற்று வரை மாறும். இரண்டு பேரை ஏற்றி ஓட்டிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு திரும்பும்போது எதிர்க்காற்றில் எஞ்சின் திணறினால், அங்கே போவது எண்ணெய்க் காசு மட்டும் அல்ல, படகில் பிள்ளைகளும் இருப்பார்கள்.

உலோகமும் முக்கியம். எஃகுக் காத்தாடி வளையாது, ஆனால் பாறையில் அடித்தால் அந்த அடி கியர் வரை போகக்கூடும். அலுமினியம் வளைந்தோ உடைந்தோ அடியைத் தானே வாங்கிக்கொள்ளும், விலையும் குறைவு. பாரும் திட்டும் நிறைந்த நம் கடலில் சிறிய படகுக்கு அலுமினியமே போதும். ஒன்றை மாட்டி, இன்னொன்றைப் படகிலேயே வைத்திருப்பது நல்லது.

கடைசியாக, கடலின் பக்கத்து நியாயம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2022இல் பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கென்று தனிக் காப்பகம் வந்தது. கடற்பசுவின் இரை கடற்புல். ஆழம் குறைந்த இடத்தில் காத்தாடி புல்லை வேரோடு அறுத்துக் கீறினால் அந்தத் தடம் மூட வருடக்கணக்காகும். மீன்குஞ்சும் இறாலும் வளர்வது அதே புல்லில்தான். அதனால் புல்வெளி தெரிந்தால் காத்தாடியைத் தூக்கிவிட்டு, கம்பு ஊன்றித் தள்ளிப் போவதே முறை. பாய்க்காரர்கள் ஆழம் குறைந்த இடங்களில் அப்படித்தான் போனார்கள். எஞ்சின் வைத்திருப்பவருக்கும் அது கேவலம் அல்ல.

பேரப்பிள்ளைகள் படகு வாங்கப் போகிறேன் என்றால் எத்தனை எச்.பி. என்று நாம் முதலில் கேட்கிறோம். எத்தனை பேரை ஏற்றப் போகிறாய், எந்தத் தண்ணீரில் ஓட்டப் போகிறாய், அதற்கு என்ன காத்தாடி என்பதையும் சேர்த்துக் கேட்போம்.