மேற்கோள் நடைக் கோப்புகள்: உரிமை வழக்குகளின் வரலாறு

மான்ட்ரியல் டவுன்டவுனில், பீல் தெருவிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகச் சட்டப்புலத்தில், மாணவர்கள் நடத்தும் மெக்கில் லா ஜர்னல் 1986இல் ஒரு கையேட்டை வெளியிட்டது. ஒரு தீர்ப்பைச் சுட்டும்போது பெயர் எங்கே வரும், ஆண்டு எங்கே வரும், காற்புள்ளி எங்கே விழும் என்று ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் சேர்த்து விதி சொல்லும் நூல் அது. கனடா வழக்கறிஞர்கள் அதை மெக்கில் கையேடு என்றே அழைக்கிறார்கள். விதிகளை வகுப்பவர்கள் மாணவர்கள். அண்மைப் பதிப்புகளை விற்பது தாம்சன் ராய்ட்டர்ஸ். மேற்கோள் விதி ஒருவருடையது, அதை எழுதிவைக்கும் ஏடு இன்னொருவருடையது என்ற இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்தால்தான், இதே நிறுவனம் மென்பொருள் உலகில் தொடுத்த வழக்கின் உள்ளடக்கம் புரியும்.

2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் ஜோட்டெரோ என்ற இலவச மேற்கோள் மென்பொருளை வெளியிட்டது. அதன் சோதனைப் பதிப்பு ஒன்று, அப்போது தாம்சன் ராய்ட்டர்ஸ் வசமிருந்த எண்ட்நோட் என்ற மேற்கோள் மென்பொருள் பயன்படுத்தும் ஈ.என்.எஸ். நடைக் கோப்புகளைப் படிக்கத் தொடங்கியதும், 2008 செப்டம்பரில் அந்நிறுவனம் வர்ஜீனியா மாநில நீதிமன்றத்தில் 1 கோடி டாலர் இழப்பீடு கேட்டது. எண்ட்நோட்டைப் பிரித்து ஆராய்ந்தது உரிம ஒப்பந்த மீறல் என்பது குற்றச்சாட்டு. அமெரிக்காவில் பதிப்புரிமை வழக்குகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் மட்டுமே விசாரிக்க முடியும். மாநில நீதிமன்றத்துக்குப் போன இந்த வழக்கு பதிப்புரிமையைப் பற்றியதாக இருக்கவில்லை. ஒப்பந்தம் என்ற பூட்டைப் பற்றியதாகவே இருந்தது. பல்கலைக்கழகம் பணியவில்லை, எண்ட்நோட் உரிமத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. 2009 ஜூனில் வழக்கு தள்ளுபடியாயிற்று.

ஆயிரக்கணக்கான இதழ்களின் நடைகளைக் கோப்பாக்க நிறுவனம் உழைத்ததே, அந்த உழைப்புக்கு மதிப்பில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உழைப்பு மட்டுமே பதிப்புரிமை தராது, திறனும் மதிப்பீடும் வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2004இல் சி.சி.எச். வழக்கில் கூறிவிட்டது, அதில் வாதிட்ட பதிப்பாளர்களில் தாம்சனும் ஒருவர். நடை இதழுடையது, கோப்பு அதைக் குறித்துவைக்கிறது, அவ்வளவே. தரவுக் கோப்பின் வடிவம் நிரலுக்கான பதிப்புரிமைக்குள் அடங்காது என ஐரோப்பிய நீதிமன்றமும் 2012இல் சாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட கனடாவின் பதிப்புரிமைச் சட்டம், நிரல்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்காகப் படியெடுப்பதற்கு விலக்கு அளித்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அதற்குக் கட்டுப்பட வேண்டாமா என்ற இரண்டாவது ஆட்சேபம் இதைவிட வலுவானது. கட்டுப்பட வேண்டியவர் கையெழுத்திட்டவர்தான். தான் சேர்த்த குறிப்புகளோடு வேறு மென்பொருளுக்கு மாற விரும்பும் ஆய்வு மாணவரை அந்தக் கையெழுத்து ஏன் தடுக்க வேண்டும் என்பதற்கு அதில் விடையில்லை.

வழக்குக்கு அப்பால் நிலைத்த விடை வேறு திசையிலிருந்து வந்தது. மேற்கோள் நடைகளை விவரிக்கப் புரூஸ் டார்கஸ் தொடங்கிய சி.எஸ்.எல். என்ற திறந்த மொழியில் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நடைகள் யாரும் எடுத்தாளக் கிடைக்கின்றன. மெக்கில் கையேட்டின் ஆங்கில, பிரெஞ்சு நடைகளும் அவற்றில் உண்டு. பீல் தெரு மாணவர் ஒருவர் அவற்றை ஜோட்டெரோவில் ஏற்றிக்கொள்ள எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டியதில்லை.