குவீன்ஸ்பிரிட்ஜ் தந்த குரல்

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர், தம் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஹிப்ஹாப் கலை பிறந்த நாள் அதுவே என்பர். மறு மாதம் அதே நகரின் புரூக்ளினில் ஒரு குழந்தை பிறந்தது. நாஸிர் பின் ஒலு தாரா ஜோன்ஸ் எனப் பெயரிட்டனர். நாஸிர் என்றால் உதவுபவர் என்பதையும், 'பின்' என்பதன் பொருளையும் நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. எனினும் பெயரைக் கொண்டே ஒருவரது சமயத்தை முடிவு செய்துவிடலாகாது. கறுப்பின அமெரிக்கரிடையே அரபுப் பெயர்கள் பரவியது தனியே எழுதத்தக்க வரலாறு.

தந்தை ஒலு தாரா, கார்னெட் எனும் ஊதுகருவியில் வல்ல ஜாஸ் கலைஞர். மகன் வளர்ந்ததோ குவீன்ஸ்பிரிட்ஜில். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட அரசுக் குடியிருப்பு அது. 1980களில் கிராக் எனும் போதைப்பொருள் அதைச் சூறையாடியது. நாஸிர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டார். 1992இல் மேல்மாடி வீட்டு உற்ற நண்பர் சுட்டுக் கொல்லப்பட்டார். தம்பியும் குண்டடிபட்டுப் பிழைத்தார்.

இத்துயரின் நிழலில் உருவானதே, 1994 ஏப்ரல் 19 அன்று 'நாஸ்' என்ற பெயரில் அவர் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பாகிய 'இல்மேட்டிக்'. அப்போது அவருக்கு வயது இருபது. முன்னுரை போன்ற தொடக்கத்தையும் சேர்த்துப் பத்தே உருப்படிகள். நாற்பது நிமிடமும் நிரம்பாது.

அந்நாளில் ராப் உலகின் செல்வாக்கு மேற்குக் கரைக்குப் பெயர்ந்திருந்தது. 1992இல் வந்த டாக்டர் டிரேயின் 'தி குரானிக்' நாடெங்கும் ஒலித்தது. நியூயார்க்கின் பெருமையை மீட்ட தொகுப்புகளுள் ஒன்றென இல்மேட்டிக்கைப் போற்றுவர். ஆனால் அதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளதென்பது நம் கருத்து. தற்புகழ்ச்சியே மிகுந்திருந்த கலையில் இவர் சன்னலோரம் நின்று கண்டதைக் கண்டபடி உரைத்தார். 'ஒன் லவ்' என்னும் பாடல் சிறையிலுள்ள நண்பர்க்கு எழுதிய கடித வடிவில் அமைந்தது. ஊரில் யார் எப்படியானார், பிறந்த பிள்ளை யார் சாயல் என்றெல்லாம் செய்தி சொல்லிச் செல்கிறது. இறுதியில் அவர் சந்திப்பது போதைப்பொருள் விற்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவனை. அவனிடம் அவர் பேசும் பேச்சில் அறிவுரையைவிட அச்சமே மிகுதி.

அக்காலத்தில் ஒரு தொகுப்பின் இசையை ஒருவரோ ஒரு குழுவினரோ அமைப்பதே பெருவழக்கு. இதிலோ டி.ஜே. பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொபசர், கியூ-டிப், எல்.ஈ.எஸ். என ஐவர் பங்கேற்றனர். பின்வந்தோர் இம்முறையைப் பின்பற்றினர். அதனால் ஒட்டுப்போட்ட துணி போன்ற தொகுப்புகளும் பெருகின. பீட் ராக் அமைத்த 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டின் உயிர்நாடி, அஹ்மத் ஜமால் 1970இல் பதிந்த பியானோ இசையின் ஒரு துணுக்கு. பிட்ஸ்பர்க்கில் ஜோன்ஸ் என்ற குடும்பப் பெயருடன் பிறந்து, இளமையில் இஸ்லாத்தைத் தழுவிப் பெயர் மாற்றிக்கொண்ட மேதை அவர், 2023இல் மறைந்தார். தந்தையர் தலைமுறையின் ஜாஸ் இசை மைந்தர்தம் சொல்லுக்கு இவ்வாறு தாளமாயிற்று. வேறொரு பாட்டின் முடிவில் ஒலு தாராவே வந்து கார்னெட் ஊதுகிறார்.

இத்தொகுப்பில் வசைச்சொற்கள் மலிந்துள்ளன என்பதை நாம் மறைப்பதற்கில்லை. பெண்டிரைக் குறிக்கும் சில சொற்கள் நமக்கு உவப்பானவை அல்ல. அத்தெருவின் பேச்சு அதுவென்பது விளக்கமாகலாம், முழு விடையாகாது.

'தி சோர்ஸ்' இதழ் தன் உச்ச மதிப்பாகிய ஐந்து மைக்குகளை அளித்தும், விற்பனை மெல்லவே ஏறியது. பத்து இலட்சத்தை எட்டிய சான்று 2001இல்தான் கிட்டியது. 2013இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஹிப்ஹாப் ஆய்வாளர்க்கென நாஸிர் ஜோன்ஸ் பெயரால் நல்கையொன்றை நிறுவியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இல்மேட்டிக்கைச் சேர்த்ததாக 2021இல் அறிவித்தது. தொகுப்பின் மேலட்டையில் குவீன்ஸ்பிரிட்ஜ் கட்டடங்களின்மீது ஒரு சிறுவனின் முகம் படிந்திருக்கும். அது நாஸிரின் இளம்பருவப் படம்.