சிவப்புத் தொப்பி

ஆலையடிவேம்பில் சிவப்பு என்றால் குங்குமம். நமக்கு அது மூத்தப்பாமாரின் துருக்கித் தொப்பி. மார்க்க உடை என்றே நினைத்து வளர்ந்தோம். அப்படியில்லை, 1820களில் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தன் படைக்கும் அதிகாரிகளுக்கும் கொடுத்தது. 1883இல் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பு வந்த எகிப்தின் ஒராபி பாஷாவைப் பார்த்துத்தான் இங்கே பரவியது.

1905இல் உயர் நீதிமன்றத்தில் அட்வகேட் எம்.சி. அப்துல் காதரிடம் அதைக் கழற்றச் சொன்னார் பிரதம நீதியரசர் லேயார்ட். அவர் கழற்றவில்லை, வெளியேறிவிட்டார். டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளி வளவில் முஸ்லிம்கள் திரண்டார்கள். கேட்டது ஒரு தொப்பியை அல்ல, மரியாதையை. கடைசியில் அனுமதி கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், 1925இல் துருக்கியே அதைத் தடைசெய்துவிட்டது! நம்மவர்கள் கழற்றவில்லை.

யார் வீட்டு அலுமாரியிலாவது ஒன்று மிச்சமிருந்தால் ஃபோட்டோ போடுங்கள். வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.