கரும்பு பூத்தா யாருக்கு லாபம்?

போன கார்த்திகையில் எங்கள் தோட்டத்துக் கரும்பு பூத்துவிட்டது. டவுனிலிருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளைகள், வெள்ளையாய் ஆடுகிற பூவுக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பூ வந்துவிட்டால் கரும்பு அதற்குமேல் வளராது. வெட்டு தள்ளிப்போனால் தண்டு நடுவில் பஞ்சாகி எடையும் சர்க்கரையும் இறங்கும். எனக்கு ஒன்றரை மாதம் தள்ளிப்போனது.

"எதுக்குத்தான் இந்தப் பூ வருதோ" என்று திட்டிக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். கிடைத்த கதை வேறு மாதிரி இருந்தது.

கரணை வைத்து நடுகிற பயிர் கரும்பு. கரணையில் வருவது தாய்க்கரும்பேதான். புது ரகம் வேண்டுமென்றால் இரண்டு கரும்பு பூத்து, ஒட்டுச் சேர்ந்து, விதை பிடிக்க வேண்டும். அந்த விதை முளைக்கும் என்பதே 1888 வாக்கில்தான் ஜாவாவிலும் பார்படோஸிலும் உறுதியானது. அப்போது வட இந்தியாவில் இருந்தது மெலிந்த நாட்டுக் கரும்பு. ஜாவா சர்க்கரை கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பக்கம் கரும்பு சரியாகப் பூக்காது, விதையும் பிடிக்காது. கோயம்புத்தூரில் பூத்தது. அதனால் 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை அங்கே வைத்தார்கள்.

பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடிக்கரும்போடு, ஆற்றோரம் தானாக வளர்கிற நாணலை ஒட்டுச் சேர்த்தார்கள். பிறந்தது கோ 205. 1918-ல் பஞ்சாபுக்குப் போனது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். இன்று நாங்கள் நடுகிற கோ 86032 வரைக்கும் அந்தப் பெயர்தான்.

ஏன் இங்கே மட்டும் பூக்கிறது? அதற்கான விளக்கம் பின்னாடிதான் வந்தது. 1920-ல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு இருவரும், பகல் நீளத்தைப் பார்த்துத்தான் பல செடிகள் பூக்கின்றன என்று எழுதினார்கள். கரும்புக்குப் பகல் ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரத்தை ஒட்டி, மெதுவாகக் குறைய வேண்டும். ராத்திரி கதகதப்பாக இருக்க வேண்டும். நம்ம ஊரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒன்றேகால் மணி நேரம்தான். டெல்லியில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். அங்கே பகல் சட்டென்று சுருங்கும், பின்னாலேயே குளிர் வந்துவிடும்.

இந்தப் பகல் கணக்கு பிள்ளைகளுக்கும் இறங்குகிறது. நாணல் பெரும்பாலும் முந்திப் பூக்கும், தடிக்கரும்பு பிந்தும். இரண்டையும் சேர்த்தால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று பூக்கவே பூக்காது. நூற்றுக்கும் மேல் குரோமோசோம் இருக்கிற பயிர், அதனால் பாகம் பிரிவது அவ்வளவு சுலபமில்லை. ஆயிரக்கணக்கான நாற்றில் கண்ணால் பார்த்துத்தான் கழிக்க வேண்டும். பூக்காத பிள்ளைதான் விவசாயிக்கு வேண்டும். ஆனால் அதைப் பெற, பூக்கிற தாய் வேண்டும்.

கோபம் கொஞ்சம் குறைந்தது. நட்டம் குறையவில்லை. சின்னக் கரும்பு பகல் கணக்குப் பார்க்காதாம். கொஞ்சமாவது கணு விட்டால்தான் பார்க்குமாம். அதனால் இந்த வருசம் ஒரு ஏக்கரை மட்டும் தையில் நடாமல் வைகாசியில் நட்டிருக்கிறேன். ஆவணியில் அது இன்னும் குழந்தையாகத்தான் இருக்கும். கார்த்திகையில் வாங்க, பூத்துச்சா இல்லையான்னு சேர்ந்து பார்ப்போம்.