மாவுச்சத்துவழி நுண்துளைப் பீங்கான்

பீங்கான் தூளுடன் மாவுச்சத்தைக் கலந்து உருவமைத்துச் சுட்டால், மாவுச்சத்து எரிந்துபோய் அது இருந்த இடங்கள் துளைகளாகின்றன. இப்படிக் கிடைக்கும் பொருளே மாவுச்சத்துவழி நுண்துளைப் பீங்கான். வடிகட்டிகள், வெப்பக்காப்புக் கற்கள், எலும்பு மாற்றுப் பொருள்கள் ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

முன்னோடிகள்: எரியும் பொருளைக் களிமண்ணில் சேர்ப்பது பழைய வழக்கம். அய்யனார் கோயில்களுக்குச் சுடுமண் குதிரை செய்யும் தமிழக வேளார்கள் களிமண்ணுடன் மணலும் உமியும் சேர்த்து மிதிப்பர். தடித்த மண்சுவர் காயும்போதும் வேகும்போதும் வெடிக்காமலிருக்க இது உதவுகிறது. 1981இல் குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசாரியெகோஸ் உருவாக்கிய குடிநீர் வடிகட்டிப் பானையிலும் களிமண்ணோடு கலந்த மரத்தூள் போன்ற எரியும் பொருளே துளைகளைத் தருகிறது. ஆனால் உமியும் மரத்தூளும் விடும் துளைகள் அளவில் சீராக இருப்பதில்லை.

மாவுச்சத்தின் இயல்பு: இதன் மணிகள் பயிருக்குப் பயிர் அளவில் வேறுபடும். அரிசியில் 3 முதல் 8 மைக்ரான். சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளுக்கு மூலப்பொருளான மரவள்ளியில் சுமார் 5 முதல் 35. உருளைக்கிழங்கில் 100 மைக்ரான் வரை. எனவே பயிரைத் தேர்ந்து துளையளவைத் தீர்மானிக்கலாம். ஏறத்தாழ 55 முதல் 80 டிகிரி செல்சியசில் மணிகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. சங்கரன்கோவில் போன்ற நெசவு ஊர்களில் பாவுக்குப் போடும் கஞ்சி கெட்டிப்படுவதும் இதனால்தான்.

வார்ப்பு முறை: இந்த இயல்பைப் பயன்படுத்தி, சுவீடனின் ஓலே லிக்ஃபெல்ட்டும் போர்ச்சுகலின் ஜோசே ஃபெரெய்ராவும் 1998இல் மாவுச்சத்து வார்ப்பு முறையை விளக்கினர். பீங்கான் தூளான அலுமினா, மாவுச்சத்து, நீர் சேர்ந்த குழம்பை அச்சில் ஊற்றிச் சூடேற்றினால், உப்புகின்ற மணிகள் நீரை ஈர்த்துக்கொள்ள, குழம்பு இறுகி உருவம் பெறும். நீரை உறிஞ்சும் பாரிஸ் சாந்து அச்சு தேவையில்லை. உலர்ந்தபின் மெதுவாகச் சூடேற்றி மாவுச்சத்தை எரித்து, பிறகு உயர் வெப்பத்தில் சுடுவர். மாவுச்சத்தின் அளவை மாற்றி 23 முதல் 70 விழுக்காடு வரை துளைமையைப் பெற்றனர். மகாராஷ்டிரத்தின் அம்பர்நாத்திலுள்ள கடற்படைப் பொருள் ஆய்வகத்தினர் 2007இல் கோதுமைத் துகளைக் கொண்டு அலுமினாவில் குழம்பை இறுக்குதல், துளை உண்டாக்குதல் ஆகிய இரு பணிகளையும் செய்துகாட்டினர்.

வரம்புகள்: மாவுச்சத்து குறைந்தால் துளைகள் தனித்தனியாக நின்றுவிடும்; ஆனால் வடிகட்டிக்கு அவை ஒன்றோடொன்று இணைய வேண்டும். அளவு மிகுந்தால் பொருளின் வலிமை குறையும். எரிக்கும்போது வெப்பத்தை விரைந்து ஏற்றினால் வெளியேறும் வாயு வெடிப்புகளை உண்டாக்கும். மணிகள் உப்புவதால், இறுதித் துளையளவு மூல மணியின் அளவோடு அப்படியே ஒத்திருப்பதில்லை.