ஸ்பானிய நாற்காலியும் வழிநூல் மரபும்

மேலை நாடுகளில் அரும்பொருள் திரட்டுவோர் பெரிதும் விழைந்து தேடும் இருக்கைகளுள் ஒன்று, டென்மார்க்கு நாட்டு வடிவமைப்பாளர் பொர்கே மொகன்சன் (1914–1972) 1958-ஆம் ஆண்டில் அமைத்தளித்த 'ஸ்பானிய நாற்காலி' ஆகும். ஓக் மரச் சட்டமும் தடித்த சேணத்தோலும் கொண்ட அவ்விருக்கைக்கு, அவர் பெயரே மதிப்பினைத் தேடித் தருகின்றது. அது முற்றிலும் அவர்தம் படைப்புத்தானா? முன்னோர் வழிவந்த ஒன்றாயின், அதன் பெருமை குன்றுமா? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழாய்வில் நாற்காலிக்கு இடம் யாது எனின், முதனூல் வழிநூல் என்னும் பாகுபாட்டைத் தெளிவுற வகுத்த மொழி நம்மொழி என்பதே எம் விடை.

முதற்கண் இந்தியாவில் தோன்றிய ஓர் இருக்கையைக் காண்போம். கங்கைக் கால்வாய்க் கரையிலுள்ள ரூர்க்கி நகரம் ஆங்கிலேயர் ஆட்சியில் படைப் பொறியாளர்களின் தலைமையிடமாக விளங்கிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் படைவீட்டுப் பயன்பாட்டிற்கென எழுந்த மடக்கு நாற்காலி ஒன்று அந்நகரின் பெயரையே பெற்றது. அதில் ஆணியும் இல்லை, வச்சிரப்பசையும் இல்லை. கால்களின் துளைகளில் குறுக்குச் சட்டங்களின் கூம்பிய முனைகள் செருகப்பட்டிருக்கும். அமர்வோர் எடையும், கித்தான் அல்லது தோலின் இழுவிசையும் அவற்றைப் பிணித்து நிறுத்தும். இணைப்புகள் சிறிது நெகிழ்வதால், மேடு பள்ளமான நிலத்திலும் நான்கு கால்களும் ஊன்றி நிற்கும். பிரித்தால் ஒரு பைக்குள் அடங்கிவிடும்.

இந்நாற்காலியை ஐரோப்பியக் கலைஞர் இருவேறு வகையாகத் தழுவினர். 1928-இல் லெ கொர்புசியே, பியர் ஜான்னரே, சார்லொத் பெரியாந் ஆகிய மூவரும் மரத்தை விடுத்து எஃகுக் குழாயால் ஓர் இருக்கை அமைத்தனர். அதன் அசையும் முதுகு ரூர்க்கி நாற்காலியின் வழிவந்தது. டென்மார்க்கில் கோரே கிளிண்ட் என்பார் 1933-இல் மரச்சட்டத்தையே கொண்டு, அளவுகளைச் செப்பஞ்செய்து, 'சஃபாரி நாற்காலி'யை ஆக்கினார். கோபன்ஹேகனிலுள்ள அரச கலைக்கழகத்தில் அறைகலன் வடிவமைப்புக் கல்விக்கு 1924-இல் அடிகோலியவர் இவரே. பழைய இருக்கைகளை அளந்து, வரைந்து, அவற்றின் இயல்பறிந்த பின்னரே புதியது படைத்தல் வேண்டும் என்பது இவர்தம் கொள்கை. மொகன்சன் இவரிடம் பயின்ற மாணவர்.

ஆசிரியர் நெறி மாணவரிடம் நன்கு புலப்படுகின்றது. ஸ்பெயின் நாட்டுப் பயணத்தில் மொகன்சன் கண்டது, இசுலாமியப் பண்பாடு பரவிய நிலங்களில் நெடுங்காலம் வழங்கிய அகன்ற கைகளையுடைய நாற்காலி. அவ்வகை நாற்காலிகளில் செதுக்கு வேலைப்பாடு மிகுதி. பழைய ஸ்பானிய இருக்கைகளிலோ தோல் பெருந்தலை ஆணிகளால் அறையப்பட்டிருக்கும். மொகன்சன் அணிவேலையை முற்றும் நீக்கினார். அகன்ற கைகளை மட்டும் காத்தார். குவளையோ நூலோ வைத்தற்கு அவை இடந்தருவதால், அருகே மேசை வேண்டுவதில்லை. தோலை ஆணிக்கு மாறாக வாரும் பக்கிளும் கொண்டு பிணித்தார். ஆண்டு பல கழிந்து தோல் தளர்ந்தவிடத்து வாரை இறுக்கிக்கொள்ளலாம். இவ்வார்ப்பிணிப்பில் ரூர்க்கி நாற்காலியின் சாயலைக் காண்கின்றோம்.

தொல்காப்பியர் மரபியலில் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துவர். அணிகளைந்து சுருக்கிய மொகன்சன் செயலைத் தொகுத்தல் எனலாம். மரத்தில் இருந்ததை எஃகில் உரைத்த பிரெஞ்சு முயற்சி மொழிபெயர்ப்பை ஒக்கும். முன்னோர் முடிபினை ஏற்று, வேண்டும் புதுமையையும் சேர்ப்பது வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. நூலிலக்கணத்தைத் தச்சுத்தொழிற்குப் பொருத்துதல் மிகை என்பாரும் உளர். பெயர் ஒற்றுமை காட்டுதல் எம் நோக்கமன்று. வழிவந்த படைப்பை இழிவெனக் கொள்ளாத ஓர் அளவுகோலைக் காட்டுதலே எம் நோக்கம்.

அவ்வளவுகோல் ஒரு கடமையையும் விதிக்கின்றது. தொல்காப்பியர் 'என்ப' எனப் பலவிடத்தும் கூறித் தமக்கு முன்னோரை ஒப்புக்கொள்கின்றார். 'ஸ்பானிய நாற்காலி' என்னும் பெயரும் தன் மூலத்தை மறைக்கவில்லை. மறைப்பது வாணிகமே. ஏலத்தில் வடிவமைப்பாளர் பெயர் ஓங்கி ஒலிக்கின்றது. மூல வடிவினைக் கண்ட தச்சர் பெயர் எழுவதே இல்லை. இயற்பெயர் மறைந்தமையால் தம் பாட்டின் தொடராலேயே பெயர்பெற்ற செம்புலப்பெயனீரார் போன்ற புலவரை நாம் அறிவோம். அவ்வாறே ரூர்க்கி நாற்காலியும் ஆக்கியோன் பெயரின்றி ஊர்ப்பெயரால் நிற்கின்றது. மொகன்சன் நாற்காலியின் வரலாறு எழுதுவோர், 1958-இல் தொடங்காது, அப்பெயரிலார் தொழிலினின்றே தொடங்குதல் முறையாகும் என்பது எம் துணிபு.